இல்லாத கோளின் இலக்கணம்

நுழையும்முன்

கற்பனை செய்த உலகமும் நிற்பதற்குத் தரை வேண்டும். தரைக்கு ஈர்ப்பு வேண்டும். ஈர்ப்புக்குக் கணக்கு வேண்டும். அறிவியல் புனைகதை எழுதுவோர், எங்கும் இல்லாத கோள்களையும் நிலாக்களையும் எவ்வாறு படைக்கின்றனர்? அவர்களுடைய உரிமை எங்கே தொடங்குகிறது? எந்த இடத்தில் அது முடிந்து, இயற்கை எழுதுகோலை வாங்கிக்கொள்கிறது? இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

செவ்வாயின் இரு நிலாக்கள்

ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' 1726ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் குள்ளர் நாடும் பேருருவினர் நாடும் மட்டுமே இடம்பெறுவதால், அந்நூலின் மூன்றாம் பகுதியில் லபுடா என்னும் மிதக்கும் தீவு வருவதைப் பலர் அறியார். அத்தீவின் வானியலர் செவ்வாய்க் கோளைச் சுற்றிவரும் இரண்டு நிலாக்களைக் கண்டறிந்திருந்ததாக ஸ்விஃப்ட் எழுதினார். அன்றைக்குச் செவ்வாயின் நிலாவை எவரும் கண்டதில்லை. 151 ஆண்டுகள் கழித்து, 1877இல், அமெரிக்க வானியலர் ஆசாப் ஹால் உண்மையாகவே இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்தார்.

எண்ணிக்கை பொருந்தியதைப் பலரும் வியந்து பேசுவர். அது தற்செயலாக நேர்ந்திருக்கலாம். வியக்கத்தக்கது வேறொன்று. முதல் நிலா செவ்வாயின் மையத்திலிருந்து அக்கோளின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில் இருந்து 10 மணி நேரத்தில் சுற்றுகிறது என்றும், இரண்டாவது நிலா ஐந்து மடங்கு தொலைவில் இருந்து 21½ மணி நேரத்தில் சுற்றுகிறது என்றும் ஸ்விஃப்ட் குறித்தார். இந்த எண்கள் வாய்க்கு வந்தவை அல்ல. சுற்றுக்காலத்தின் இருமடி, தொலைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது 1619இல் கெப்ளர் வெளியிட்ட விதி. மூன்றின் மும்மடி 27. ஐந்தின் மும்மடி 125. பத்தின் இருமடி 100. இருபத்தொன்றரையின் இருமடி ஏறத்தாழ 462. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் இரண்டு இணைகளிலும் 4.6 என்னும் ஒரே விடை கிடைக்கிறது. நையாண்டிக் கதை எழுத அமர்ந்தவர், தம் பொய்யைக் கெப்ளரின் விதிக்கு உட்படுத்திய பிறகே ஏட்டில் ஏற்றியிருக்கிறார்.

இருப்பினும் அவர் கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. அவர் சொன்ன தொலைவில் 10 மணி நேரத்தில் ஒரு நிலா சுற்ற வேண்டுமாயின், செவ்வாயின் நிறை இன்று நாம் அறிந்துள்ளதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருத்தல் வேண்டும். அவ்வளவு நிறையை அதே பருமனில் அடைத்தால் அக்கோள் தங்கத்தைக் காட்டிலும் அடர்த்தி மிக்கதாகிவிடும். இதற்காக ஸ்விஃப்ட்டைக் குறைகூற இயலாது. ஒரு கோளின் நிறையை அளக்க அதன் நிலாவே எளிய துலாக்கோல். நிலாவே காணப்படாத காலத்தில் செவ்வாயை எதில் வைத்து நிறுப்பது? உண்மையான நிலாக்களில் உள்ளது 7 மணி 39 நிமிடத்திலும், வெளியது ஏறத்தாழ 30 மணி நேரத்திலும் சுற்றுகின்றன.

முதல், கரு, உரி

கதைக்காக ஓர் உலகைப் படைப்பவர் எதிலிருந்து தொடங்குவது என்னும் வினாவைத் தமிழ் மாணவர்க்கு விளக்குவது எளிது. அகப்பாடலின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில், அப்பொழுதில் தோன்றும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றின் நடுவே வாழ்வோரின் ஒழுக்கம் உரிப்பொருள். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் நிலம் மயங்குதல் இல்லை என்பதும் அவர் கருத்து.

புனைவுக் கோளுக்கும் இவ்வரிசையே பொருந்தும். கோளின் நிறை, பருமன், சுழலும் வேகம், தன் விண்மீனிலிருந்து அது நிற்கும் தொலைவு ஆகியவை அதன் நிலமும் பொழுதும் ஆகும். எழுத்தாளர் இவற்றைத் தம் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பிறகு வளிமண்டலம் எத்தன்மையது, கடல் எதனால் ஆனது, உயிர்கள் உயரமாக நிற்குமா தரையோடு ஒட்டி ஊருமா என்பனவற்றில் பாதியை அந்த எண்களே முடிவு செய்துவிடும். ஒரு வேறுபாட்டையும் இங்கே சுட்ட வேண்டும். திணை மரபு புலவர்கள் தம்முள் கூடிச் செய்துகொண்ட வழக்கு. புலவன் நினைத்தால் சற்று நெகிழ்த்தலாம். ஈர்ப்பு விதியோ எவரையும் கேட்டுச் செய்யப்பட்டதன்று.

தொடக்க நிலை எழுத்தாளர் பலர் உரிப்பொருளில் தொடங்குகின்றனர். போர், காதல், அரசுரிமை எல்லாவற்றையும் புவியிலிருந்து எடுத்துச் சென்று, பின்னணியில் வானத்தில் இரண்டு நிலாக்களை வரைந்துவிட்டு, அதை வேற்றுலகம் என்கின்றனர். அந்த நிலாக்கள் திரைச்சீலையில் தீட்டிய நிலாக்கள். அவற்றால் ஓர் அலைகூட எழுவதில்லை.

நிலவை அருகே இழுத்தால்

நிலவு புவியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. கதைக்காக அதைப் பாதித் தொலைவுக்கு இழுப்போம். அதன் விட்டம் கண்ணுக்கு இருமடங்காகத் தோன்றும். முழுநிலவின் ஒளி நான்கு மடங்காகும். இவ்வளவோடு நின்றால் இரவுக் காட்சி அழகாயிருக்கும். ஆனால் ஓதங்களை எழுப்பும் விசை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அது எட்டு மடங்காகப் பெருகும். இன்று கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் கரையில் அது ஏழெட்டு மீட்டர் ஏறி இறங்கும். தாழ்வான கடற்கரைகளில் நாளுக்கு இருமுறை கடல் உள்நாடு புகுந்து திரும்பும். துறைமுகமும் உப்பளமும் மீனவர் குடியிருப்பும் இன்று இருக்கும் இடத்தில் இரா. நெய்தல் நிலமே வேறொரு நிலமாகிவிடும்.

சுற்றுக்காலமும் மாறும். கெப்ளர் விதிப்படி அந்நிலவு ஏறத்தாழ பத்து நாள்களில் புவியைச் சுற்றிவிடும். தமிழில் திங்கள் என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் ஒருங்கே குறிக்கிறது. அவ்வுலகில் தமிழ் பேசப்பட்டால் ஒரு திங்கள் என்பது பத்து நாளாக இருக்கும். ஓர் ஆண்டில் முப்பத்தாறு திங்கள் வரும். நிலவு இரண்டாக இருந்தாலோ எந்த நிலவை வைத்து மாதம் எண்ணுவது என்பதே பெரிய வழக்காகிவிடும். உழவர் ஒரு நிலவையும் மீனவர் மற்றொரு நிலவையும் பின்பற்றுவதாக ஒரு கதை எழுதினால், அவ்விரு நிலாக்களும் வெறும் ஒப்பனையாக நில்லாமல் கதையை நடத்தத் தொடங்கும்.

இன்னும் அருகே இழுக்க விரும்பினால் ஒரு வரம்பு குறுக்கே வரும். நிலவின் முன்பக்கத்தைப் புவி இழுக்கும் விசைக்கும் பின்பக்கத்தை இழுக்கும் விசைக்கும் உள்ள வேறுபாடு, நிலவு தன்னைத்தானே பிடித்துவைத்திருக்கும் ஈர்ப்பை மிஞ்சும் இடம் அது. பிரெஞ்சு வானியலர் எதுவார் ரோஷ் 1848இல் இதைக் கணக்கிட்டார். கோளும் நிலவும் ஒரே அடர்த்தி உடையவையாயின், கோளின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 2.44 மடங்கு தொலைவில் இவ்வெல்லை அமையும். அதற்குள் வரும் பெரிய நிலா சிதைந்து வளையமாகிவிடும். வளையம் சூழ்ந்த உலகில் கதை நிகழ்த்துவதும் தவறன்று. ஆனால் அந்த வளையத்துக்குள்ளேயே ஒரு முழுநிலவையும் மிதக்கவிடுவது தவறு.

பெருங்கோளின் நிலாவில் ஒரு நாள்

வியாழனைப் போன்ற வளிக்கோளில் நிற்பதற்குத் தரை இல்லை. ஆகவே அதன் நிலா ஒன்றில் மக்களைக் குடியேற்றுவது எழுத்தாளர்க்கு விருப்பமான வழி. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'அவதார்' திரைப்படத்தில் (2009) வரும் பண்டோரா அத்தகைய ஒன்று. ஏறத்தாழ 4.4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரியில், பாலிஃபீமஸ் என்னும் வளிக்கோளைச் சுற்றும் நிலவாக அது படைக்கப்பட்டது.

கோளுக்கு அண்மையில் சுற்றும் பெரிய நிலாக்கள், நம் நிலவைப் போலவே, தம் கோளுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுபவை. இதன் விளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்ப்பது சுவையான பயிற்சி. அந்நிலாவின் நாள் என்பது அது கோளைச் சுற்றிவரும் காலமே. பெருங்கோள் வானத்தில் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஓரிடத்தில் அசையாமல் நின்று வளர்ந்து தேயும். மறுபக்கத்தில் பிறந்தவர் அதை ஒருமுறையும் காணமாட்டார். அதைக் காண அவர் காத்திருந்து பயனில்லை, நடந்து செல்ல வேண்டும்.

கோளை நேர் உச்சியில் காணும் இடத்தில் பொழுதே தலைகீழாகும். சுற்றுப்பாதை மிகச் சாய்ந்திராவிட்டால், நண்பகலில் ஞாயிறு உச்சிக்கு ஏறும்போது அங்கே நிற்கும் கோளுக்குப் பின்னால் மறைந்துபோகும். நாள்தோறும் நடுப்பகலில் மறைப்பு. நள்ளிரவிலோ கோள் முழுவட்டமாக ஒளிவீசும். இங்கே ஒரு பாலைத்திணைப் பாடலை எழுத முயன்றால், அதற்குரிய சிறுபொழுதாகிய நண்பகல் இருண்டு குளிர்ந்து கிடக்கும். குறிஞ்சிக்குரிய யாமத்தில் ஊரெங்கும் வெளிச்சம். நிலவொளிக்கே அஞ்சி இரவுக்குறி தவறும் தலைவன், வானில் பெருங்கோள் எரியும்போது எவ்வாறு வருவான்? களவொழுக்கம் பகலுக்கு மாற வேண்டியதுதான்.

பெருங்கோளின் ஈர்ப்பு நிலாவின் உள்ளேயும் வேலை செய்யும். வியாழனின் நிலாக்களுள் அயோ ஒருமுறை சுற்றும் நேரம் 42½ மணி. அது நான்கு சுற்று வருவதற்குள் யூரோப்பா இரண்டு சுற்றும் கானிமீடு ஒரு சுற்றும் வரும். இந்த ஒழுங்கு, அயோவின் பாதையை முழுவட்டமாகவிடாமல் சற்றே நீள்வட்டமாக வைத்திருக்கிறது. அதனால் வியாழனின் பிடி ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகுவதும் தளர்வதுமாக அயோவைப் பிசைகிறது. பிசைவதால் வெப்பம் பிறக்கிறது. இவ்வெப்பத்தால் அயோவின் உட்பகுதி உருகியிருக்கக்கூடும் என்று பீல், காசன், ரேனால்ட்ஸ் ஆகிய மூவரும் 1979 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அடுத்த சில நாள்களிலேயே, வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் அயோவின் எரிமலை பீறிடுவதை லிண்டா மொராபிட்டோ கண்டார். ஞாயிற்றிலிருந்து மிகத் தொலைவிலுள்ள குளிர்ந்த நிலாவிலும் வெப்பம் கிடைக்க வழி உண்டு என்பதை அதன்பின் கதையாசிரியர்களும் கற்றுக்கொண்டனர்.

பண்டோராவுக்கு மீண்டும் வருவோம். அங்கே ஈர்ப்பு குறைவு. அதனால் அங்குள்ள நாவி மக்கள் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். இது முறையான சிந்தனை. ஆனால் அங்குள்ள பெரிய விலங்குகள் பெரும்பாலும் ஆறு கால்களுடன் திரிய, நாவி மக்கள் மட்டும் நம்மைப் போல் இரு கைகளும் இரு கால்களும் கொண்டிருக்கின்றனர். ஒரே நிலத்தில் ஒரே மரபில் கிளைத்த உயிர்களுக்கிடையே இந்த வேறுபாடு ஏன் என்பதற்குப் படத்தில் தக்க விடை இல்லை. பார்வையாளர் அவர்கள்மேல் பரிவு கொள்ள வேண்டும் என்பதே உண்மையான காரணமாக இருக்கலாம். கதைக்கு அது நன்மை; கருப்பொருளுக்கு அது குறை.

ஞாயிறு அசையாத உலகமும் வெறும் கற்பனை அன்று. ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் சிறிய செந்நிற விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. ஏழும் விண்மீனுக்கு மிக அருகில் உள்ளன. அவற்றின் ஆண்டு ஒன்றரை நாள் முதல் ஏறத்தாழ பத்தொன்பது நாள் வரைதான். அவை தம் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டுபவையாகவே இருக்கும் எனக் கருதுகின்றனர். அவ்வாறாயின் ஒருபுறம் என்றும் பகல், மறுபுறம் என்றும் இரவு, இடையே மாலை மட்டுமே நிலவும் ஒரு குறுகிய பட்டை. கிழக்கு, மேற்கு என்னும் சொற்கள் அங்கு எதைக் குறிக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தெரிந்து தெளிவோம்

'61 சிக்னி' என்பது அன்னப்பறவை வடிவில் அமைந்த சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள ஓர் இரட்டை விண்மீன். 1838இல் ஜெர்மானிய வானியலர் பெசல் இதன் தொலைவை அளந்து வெளியிட்டார். ஞாயிறு அல்லாத ஒரு விண்மீனின் தொலைவு நம்பத்தகுந்த முறையில் அளந்து வெளியிடப்பட்டது அதுவே முதன்முறை. அதன் தொலைவு ஏறத்தாழ 11.4 ஒளியாண்டு.

மெஸ்கிளின்

கணக்கிட்டுப் படைத்த கோள்களுள் பெரும்புகழ் பெற்றது மெஸ்கிளின். அதைப் படைத்தவர் ஹால் கிளெமென்ட். இது புனைபெயர், இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ் (1922 – 2003). ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வானியல் பயின்று, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, பின்னர் பல்லாண்டுகள் அமெரிக்கப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பித்தவர். அவருடைய 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' என்னும் புதினம் 1953இல் ஓர் இதழில் தொடராக வந்து, 1954இல் நூலாயிற்று.

61 சிக்னியின் இரு விண்மீன்களுள் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஒன்று சுற்றுகிறது என்றும், அதன் நிறை வியாழனைப்போல் 16 மடங்கு என்றும் ஸ்டிராண்ட் என்னும் வானியலர் 1943இல் அறிவித்திருந்தார். கிளெமென்ட் அந்த அறிவிப்பைத் தம் கதைக்கு நிலமாகக் கொண்டார். புவியைப்போல் 5,000 மடங்கு நிறை. அத்தகைய கோளின் பரப்பில் ஈர்ப்பு புவியினும் பல நூறு மடங்கு இருக்கும்; மனிதன் கால் வைத்த கணமே நசுங்கிப்போவான். மனிதனும் அக்கோளின் உயிரும் நேருக்கு நேர் சந்திக்காவிட்டால் கதை இல்லை. என்ன செய்வது?

கோளை வேகமாகச் சுழலவிட்டார் கிளெமென்ட். சுழலும் பொருளின் நடுப்பகுதி வெளியே தள்ளப்படும் என்பது குயவர் சக்கரத்தைக் கண்டவர் அறிந்ததே. புவியே சற்றுத் தட்டையானதுதான். அதன் நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட ஏறத்தாழ 43 கி.மீ. மிகுதி. பத்தரை மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியான காலத்தில் சுழலும் சனி, தொலைநோக்கியில் பார்க்கும்போதே தட்டையாகத் தெரியும். மெஸ்கிளினுக்குக் கிளெமென்ட் தந்த நாளின் நீளம் 18 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அவ்வேகத்தில் அது உருண்டையாக இருக்க முடியாது. தோசைக்கல்லில் அழுத்திய அடைபோல் பரந்துவிடும். அதன் நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைப்போல் இருமடங்குக்கும் மேல்.

நிலநடுக்கோட்டில் நிற்கும் பொருளைக் கோள் இழுப்பது புவி ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 140 மடங்கு. சுழற்சியின் வெளித்தள்ளல் அதில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிட, எஞ்சுவது மூன்று மடங்கு மட்டுமே. துருவத்தில் அந்த ஈடு இல்லை. மேலும் அங்கே தரை மையத்துக்கு அருகில் இருக்கிறது. எனவே துருவ ஈர்ப்பு 700 மடங்கு என்று கணக்கிட்டார் கிளெமென்ட். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிலநடுக்கோட்டில் 180 கிலோ எடையை உணர்ந்து, செயற்கைத் துணைகளோடு துன்பப்பட்டாவது நிற்கலாம். துருவத்தில் அவரே 42 டன் கனப்பார். ஒரே கோளில் இரண்டு நிலங்கள் கிடைத்துவிட்டன. மனிதர் அனுப்பிய ஆய்வு ஏவுகலம் ஒன்று துருவத்தில் சிக்கிக்கொள்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அப்பால் மனிதரால் செல்ல முடியாது. ஆகவே அக்கோளின் கடலோடி ஒருவனிடம் உதவி கேட்கின்றனர். கதையின் முடிச்சு அந்தக் கணக்கிலிருந்தே விழுந்தது.

கடலோடியின் பெயர் பார்லென்னன். ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், பூரானைப் போன்ற பல கால்களுள்ள தட்டை உடல். அவனுடைய 'பிரீ' என்னும் கலம் பல தெப்பங்களைப் பிணைத்தது. அது மிதக்கும் கடல் நீர்ம மீத்தேனால் ஆனது. இவை கருப்பொருள்கள். கிளெமென்ட் இங்கே நின்றிருந்தால் அது நல்ல இயற்பியல் பயிற்சியாக முடிந்திருக்கும். அவர் உரிப்பொருள்வரை சென்றார்.

700 மடங்கு ஈர்ப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவது, புவியில் ஏழு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். ஒரு சாண் உயரம் என்பது அங்கே உயிர் போகும் உயரம். எனவே துருவப் பகுதியில் பிறந்த பார்லென்னனுக்கு உயரம் என்றாலே பேரச்சம். நண்பனாகிய மனிதன் அவனைத் தூக்கித் தன் ஊர்தியின் கூரைமேல் வைக்கும்போது அவனுக்கு உயிரே போய்த் திரும்புகிறது. தலைக்குமேல் கனமான எதுவும் இருப்பதை அவன் இனத்தார் பொறுப்பதில்லை. எறிதல் என்னும் செயலையே அவர்கள் அறியார். கையை விட்ட பொருள் கண் காணுமுன் தரையில் கிடக்குமாயின் எறிவதற்கு என்ன இருக்கிறது? அடர்ந்த வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் அவர்கள் கண்ணுக்குத் தொடுவானம் மேலெழுந்து தோன்றும். ஆகவே உலகம் ஒரு கிண்ணம் என நம்பி, நிலப்படங்களையும் கிண்ண வடிவிலேயே செய்துகொள்கின்றனர். நம் முன்னோர் உலகைத் தட்டையென எண்ணியதைவிட இது மூடத்தனமானதன்று. இருவரும் கண்டதையே நம்பினர்.

புதினத்தின் இறுதியில் பார்லென்னன் ஏவுகலத்தை அடைந்துவிடுகிறான். ஆனால் அதை உடனே ஒப்படைக்க மறுக்கிறான். அவன் கேட்கும் விலை பொன்னோ படைக்கலமோ அன்று. உங்கள் கருவிகள் ஏன் இயங்குகின்றன என்பதை அடிப்படையிலிருந்து எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறான். எழுதியவர் பள்ளி ஆசிரியர் என்பது இவ்விடத்தில் நன்றாகத் தெரிகிறது. கற்றதன் பயனாக, ஒரு சாண் உயரத்துக்கு நடுங்கியவர்களின் கலம், சூடேற்றிய வளி நிரம்பிய பலூனால் தரையைவிட்டு எழும்புகிறது.

கதையின் தேவையும் கணக்கின் விடையும்

எழுத்தாளர் கேட்பதை இயற்கை எப்போதும் மறுத்துவிடும் என்பதில்லை. 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்துக்காக (2014) இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன், ஒரு மணி நேரம் புவியின் ஏழு ஆண்டுக்குச் சமமாகும் கோள் ஒன்று வேண்டும் என்றார். ஆலோசகராக இருந்த இயற்பியலர் கிப் தார்ன் அது நடவாது என்றே முதலில் எண்ணினார். கணக்கிட்டுப் பார்த்தபோது, கருந்துளை தன் உச்ச வேகத்துக்கு மிக மிக நெருக்கமாகச் சுழன்றால் அத்தகைய கோள் அதனருகே நிலைபெறக் கூடும் என்று விடை வந்தது. நடைபெறுதல் அரிது, நடவாதது அன்று. புனைகதைக்கு அவ்வளவு இடம் போதும்.

கிளெமென்ட் தம் கோளைப் படைத்த முறையை 1953இலேயே ஒரு கட்டுரையாக எழுதி, எண்களை வாசகர்முன் வைத்தார். அறிவியல் புனைகதையை அவர் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே நடக்கும் விளையாட்டாகக் கருதினார்: பிழையைத் தேடுவது வாசகர் ஆட்டம், பிழைக்கு இடங்கொடாமை எழுத்தாளர் ஆட்டம். வாசகர்கள் ஆடத்தான் செய்தனர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் புனைகதை ஆர்வலர்கள் மெஸ்கிளினின் வடிவத்தை மீண்டும் கணக்கிட்டு, அதன் நிலநடுக்கோடு கூரிய விளிம்பாக முடியும் என்றும் துருவ ஈர்ப்பு 700 மடங்கைவிட மிகவும் குறையும் என்றும் கண்டனர். அத்திருத்தத்தைக் கிளெமென்ட் ஏற்றுக்கொண்டார். இத்தகைய கணக்கு எளிதன்று. சுழலும் நீர்மப் பொருள் எவ்வடிவில் நிலைபெறும் என்னும் வினா நியூட்டன் காலந்தொட்டே கணிதவியலரை வருத்தியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், இவ்வடிவங்களைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூலை 1969இல் எழுதினார்.

அதைவிடப் பெரிய திருத்தம் வானத்திலிருந்து வந்தது. ஸ்டிராண்ட் அறிவித்த அந்த 16 வியாழன் நிறையுள்ள பொருள் பின்னர் நிகழ்ந்த துல்லியமான அளவீடுகளில் தென்படவில்லை. கதை நின்ற நிலமே இல்லாமற்போயிற்று. ஆயினும் இப்புதினம் இன்றும் படிக்கப்படுகிறது. அதே காலத்தில் வெள்ளிக் கோளைச் சதுப்பு நிலமாகவும் பெருங்கடலாகவும் காட்டிய கதைகள் பலவற்றின் நிலை வேறு. 1962இல் மரைனர் 2 விண்கலம் வெள்ளியை நெருங்கி, அது கொதிக்கும் உலகம் என்று உறுதிப்படுத்தியபின் அவை நம்பகத்தன்மை இழந்தன. அக்கதைகளில் பல, வெள்ளி என்ற பெயரை நீக்கினால் புவியின் காடுகளாகவே எஞ்சுபவை. மெஸ்கிளினோ எந்த விண்மீனுக்குப் பெயர்த்துச் சென்றாலும் தன் கணக்கோடு செல்லும்.

ஞாயிற்றைப் போன்ற விண்மீனைச் சுற்றும் புறக்கோள் ஒன்றை மேயரும் கெலோவும் 1995இல் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அது அன்றைய கோள் உருவாக்கக் கொள்கைகள் எதிர்பாராத வடிவில் வந்தது: வியாழனின் பாதி நிறை, ஆனால் ஆண்டு நான்கே கால் நாள். அப்படியொரு கோளைக் கதையில் வைத்திருந்தால் வாசகர் பிழை என்றே குறித்திருப்பர். இன்று 5,000க்கும் மேற்பட்ட புறக்கோள்கள் உறுதிசெய்யப்பட்டுள்ளன.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் முன்னிரவில் தமிழ்நாட்டிலிருந்து வடதிசை வானில் உயரத்தில் அன்னப்பறவை விண்மீன் குழுவைக் காணலாம். அதிலுள்ள 61 சிக்னி, இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரே புள்ளி. சிறிய தொலைநோக்கி வழியே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து தெரியும். அவற்றுள் ஒன்றன் அருகில்தான் கிளெமென்ட் மெஸ்கிளினை வைத்திருந்தார்.

கற்பவை கற்றபின்

1. நிலவின் தொலைவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் ஓத விசை எத்தனை மடங்காகும் எனக் கணக்கிட்டு, உங்களுக்குத் தெரிந்த கடற்கரை ஊர் ஒன்றின் ஒரு நாளை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. என்றும் மாலைப்பொழுதே நிலவும் நிலப்பட்டை ஒன்றுக்கு முதல், கரு, உரிப்பொருள்களை வகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக. தோழர் ஒருவர் அதிலுள்ள பிழைகளைக் கண்டு கூறட்டும்.

3. நீங்கள் படித்த அறிவியல் புனைகதை அல்லது கண்ட திரைப்படம் ஒன்றில் வரும் வேற்றுலகை எடுத்துக்கொண்டு, அதன் உயிர்கள் அதன் நிலத்துக்குப் பொருந்துகின்றனவா என ஆராய்ந்து எழுதுக.